கருத்துரைத்தல்: அனுமதி இல்லை

குடிமகனின் உரிமைகள் அரசியல் சாசனத்தின் மூன்றாம் பகுதியில் இருப்பதாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தார்கள். இப்போது அவ்வளவு தூரம் போக வேண்டாம். பூட்டுப்போட்டு வெளியிடப்பட்ட பி.டி.எஃப் ஒன்றைக் கணினியில் திறந்து, ‘பாதுகாப்பு’ என்றிருக்கும் பக்கத்தைப் பாருங்கள். பட்டியல் தயாராக இருக்கும். அச்சிடுதல்: அனுமதி உண்டு. ஆவணத்தை மாற்றுதல்: அனுமதி இல்லை. உள்ளடக்கத்தை நகலெடுத்தல்: அனுமதி இல்லை. பக்கங்களைப் பிரித்தெடுத்தல்: அனுமதி இல்லை. கருத்துரைத்தல்: அனுமதி இல்லை.

சொந்தக் காசில் தாள் வாங்கி அச்சடித்துக்கொள், வாயை மட்டும் திறக்காதே. நம்முடைய ஜனநாயகத்தை இத்தனை சுருக்கமாக எழுதிவைத்த இன்னொரு இடத்தை நான் பார்த்ததில்லை.

குமரி மாவட்டத்து மண்டைக்காட்டுக்காரன் என்று வெளியூரில் சொன்னால் இரண்டு கேள்வி வரும். அம்மன் கோயில் மாசிக் கொடை எப்போ? 1982 கலவரத்தில் என்னதான் நடந்தது? எங்கள் காலடி மணலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இனிமேல் கேட்கப்போவதும் இல்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 செப்டம்பர் 8-ம் தேதி எழுத்துமூலமாகவே தெரிவித்துவிட்டது. எதில் எழுதித் தெரிவித்தது? பி.டி.எஃப்-பில்தான். அந்தக் கதைக்கு வருகிறேன். முதலில் பூட்டைப் பார்த்துவிடலாம். இந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர்கள், இதற்குப் பயப்படுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

பி.டி.எஃப்-புக்கு இரண்டு விதமான கடவுச்சொல் உண்டு. ஒன்று, திறப்பதற்கே கேட்பது. அது நிஜப் பூட்டு. எழுத்தெல்லாம் சங்கேதமாகக் குலைந்து கிடக்கும், சொல் தெரியாதவனுக்கு ஒன்றும் கிடைக்காது. இன்னொன்று உரிமையாளரின் கடவுச்சொல். இதைப் போட்ட கோப்பு யாருக்கும் திறக்கும், யாரும் படிக்கலாம். படித்தபிறகு என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று கோப்புக்குள் ஓர் எண் எழுதியிருக்கும். 32 பிட் எண், அதில் எட்டு பிட்டுக்குத்தான் வேலை. மூன்றாவது பிட் அச்சிட. நான்காவது மாற்ற. ஐந்தாவது நகலெடுக்க. ஆறாவது கருத்து எழுத. அந்த ஆறாவதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எண் பூட்டே அல்ல. ‘செருப்பை வெளியே விடவும்’ என்று கோயில் வாசலில் எழுதிவைக்கிற பலகை. எழுத்தைத் திரையில் காட்ட வேண்டுமென்றால் மென்பொருள் கோப்பை முழுக்க அவிழ்த்துத்தான் ஆக வேண்டும். அவிழ்த்தபின் உங்களை நகலெடுக்க விடாமல் தடுப்பது அந்த மென்பொருளின் பணிவு மட்டும்தான். பி.டி.எஃப்-பை உலகத் தரநிலையாக்கி 2008-ல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ 32000 இதை ஒளிக்கவில்லை. அனுமதிகளை அமலாக்கும் சக்தி எதுவும் கோப்பின் குறியாக்கத்தில் கிடையாது, படிக்கும் மென்பொருள்கள்தான் ஆவணம் செய்தவரின் எண்ணத்தை மதித்து நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்கிறது. பூட்டை விற்கும் அடோபியே, பூட்டுப்போடும்போது ஒரு எச்சரிக்கையைக் காட்டும்: எங்கள் மென்பொருள்கள் கட்டுப்படும், மற்றவர்களுடையவை கட்டுப்படும் என்று உறுதி சொல்ல முடியாது. ஒக்குலர் என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதன் அமைப்புகளில் ஒரு சின்னக் கட்டம்: ‘கட்டுப்பாடுகளுக்குக் கீழ்ப்படி.’ டிக்கை எடுத்துவிட்டால் கீழ்ப்படியாது. தீர்ந்தது விஷயம். இத்தனையும் தெரியாத எங்கள் ஜங்ஷன் ஜெராக்ஸ் கடைப் பையன்கூட, பூட்டுப்போட்ட கோப்பு வந்தால் அலட்டிக்கொள்வதில்லை. பிரிண்ட் எடுத்து அதையே ஸ்கேன் செய்து கையில் தந்துவிடுகிறான்.

ஆனாலும் செருப்போடு உள்ளே போனவனைப் பிடித்து உள்ளே போட்ட வரலாறும் உண்டு. அடோபியின் மின்னூல் பூட்டை அவிழ்க்கும் மென்பொருளை எழுதிய ரஷ்யர் திமித்ரி ஸ்க்லியாரோவ், லாஸ் வேகாஸ் மாநாட்டில் அந்தப் பூட்டின் லட்சணத்தை விளக்கிப் பேசினார். 2001 ஜூலை 16 அன்று அமெரிக்காவில் கைதுசெய்யப்பட்டார். ஒரே வாரத்தில் அடோபி பின்வாங்கியது. 2002 டிசம்பரில் அவருடைய நிறுவனம் குற்றமற்றது என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. பூட்டு மோசம் என்று சொல்வதைவிட, மோசம் என்று காட்டுவதற்குத்தான் அதிகத் தண்டனை.

அது தனியார் நிறுவனத்தின் மின்னூல். அரசின் காகிதம் அப்படியா? அரசிதழில் வந்ததையும், அவையில் வைத்த ஆணைய அறிக்கையையும், நீதிமன்றத் தீர்ப்பையும் மறுபதிப்புச் செய்வது குற்றமாகாது என்று 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52-ம் பிரிவிலேயே சொல்கிறது. தகவலை உள்ளூர் மொழியில், அந்த வட்டாரத்துக்குத் தோதான வழியில், எளிதில் கிடைக்கும்படி கொடுக்க வேண்டும் என்பது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(4) பிரிவு. இரண்டும் நாடாளுமன்றம் இயற்றியவை. இரண்டையும் ஓர் அலுவலக உதவியாளர் சுட்டியை ஒருமுறை சொடுக்கி ரத்துசெய்துவிட முடிகிறது. ஐந்தாவது பிட் பூஜ்யம். அவ்வளவுதான்.

நம் அதிகாரிகளுக்கு இந்த பிட் விவகாரமெல்லாம் தேவைப்படுவதே இல்லை என்பது தனிக் கதை. அவர்கள் கண்டுபிடித்த பூட்டு இன்னும் உறுதியானது. கணினியில் அழகாகத் தட்டச்சு செய்த ஆணையை அச்சடிப்பார்கள். கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துவார்கள். பிறகு அதைக் கோணலாக ஸ்கேன் செய்து, மூலையில் ஸ்டேப்ளர் பின்னின் நிழலோடு, இணையத்தில் ஏற்றுவார்கள். இதற்குப் பெயர் மின் ஆளுமை. பாதுகாப்புப் பக்கம் பெருந்தன்மையோடு ‘நகலெடுத்தல்: அனுமதி உண்டு’ என்று சொல்லும். நகலெடுக்க உள்ளே ஓர் எழுத்தும் இருக்காது, எல்லாம் படம். எழுத்து இருக்கிற கோப்பு அபூர்வமாகக் கிடைத்தாலும் சந்தோஷப்பட அவசரம் வேண்டாம். செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூனிலேயே தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது. அதற்குப் பிறகும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை விழும். ‘தமிழ்நாடு அரசு’ என்று தேடினால் அரசாங்கமே அந்தக் கோப்பில் இல்லை என்று கணினி சொல்லும். சில நாட்களில் அது சரியாகத்தான் சொல்கிறதோ என்று தோன்றும்.

பார்வையற்றவர்களின் பாடு இதைவிட மோசம். எழுத்தை வாய்விட்டு வாசித்துக்காட்டும் கருவிக்கு வழி விடலாமா என்பதற்கும் ஒரு பிட் வைத்திருந்தார்கள், பத்தாவது. அதையும் மூடலாம் என்று பழைய தரநிலை இடம் கொடுத்திருந்தது. 2017-ல் பி.டி.எஃப் 2.0 தரநிலை வந்தபோது, அந்த வழியை அடைக்கும் வேலையே கூடாது என்று மாற்றிவிட்டார்கள். தரநிலை எழுதுகிறவர்களுக்கே வெட்கம் வந்திருக்கிறது. நம் ஸ்கேன் இயந்திரங்களுக்கு இன்னும் வரவில்லை.

வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். தேடக்கூடிய எழுத்தாக இருந்த பட்டியலைப் படமாகத்தான் இணையத்தில் போட வேண்டும் என்று 2018-ல் தேர்தல் ஆணையம் முடிவெடுத்தது. எழுத்தாகவே தாருங்கள் என்று காங்கிரஸ் தலைவர்களில் ஒருவரான கமல்நாத் உச்ச நீதிமன்றம் போனார். அந்த ஆண்டு அக்டோபர் 12-ல் மனு தள்ளுபடியானது. வாக்காளரின் அந்தரங்கம் கெட்டுப்போகும் என்பது ஆணையத்தின் கவலை. படத்தில் இருக்கும் பெயரை மனிதக் கண் படித்தால் கெடாத அந்தரங்கம், கணினி படித்தால் கெட்டுப்போகும்! 2025-ல் பீகாரில் 65 லட்சம் பெயர்கள் வரைவுப் பட்டியலில் இல்லாமல் போன பிறகுதான், விடுபட்டவர்களின் பட்டியலைக் காரணத்தோடு, அடையாள அட்டை எண்ணைக் கொண்டு தேடும்படி வெளியிடுங்கள் என்று ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பெயர் இருந்தால் தேட முடியாது. தேட வேண்டுமென்றால் பெயர் போயிருக்க வேண்டும்.

அரசின் காகிதத்துக்கு இத்தனை காவல். எங்கள் காகிதத்துக்கு?

மின்-ஆதாரை இறக்கினால் அதுவும் பூட்டிய பி.டி.எஃப்தான். முதல் ரகத்துப் பூட்டு, நிஜப் பூட்டு. சாவி எது? பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து, பெரிய எழுத்தில். கூடவே பிறந்த ஆண்டு. நாடு முழுக்க எல்லார் வீட்டுக்கும் ஒரே சூத்திரம், அது ஆதார் இணையதளத்திலேயே விளக்கமாக எழுதியும் இருக்கிறது. என் பெயரும் வயதும் தெரிந்தவன் யார்? ஊர் முழுக்க. ஜெராக்ஸ் கடைக் கணினியின் முகப்பில் யார் யாருடைய ஆதாரெல்லாமோ சிந்திக் கிடக்கும், அடுத்த ஆளின் வேலைக்கு அந்தக் கோப்புகளைத் தள்ளித் தள்ளித்தான் இடம் கண்டுபிடிக்க வேண்டும். 2022 மே 27-ல் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகத்துக்கு ஞானோதயம் வந்தது. யாருக்கும் ஆதார் நகலைக் கொடுக்காதீர்கள், பொதுக் கணினியில் இறக்காதீர்கள், இறக்கினால் அழித்துவிடுங்கள் என்று அறிக்கை விட்டார்கள். தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி மே 29-ல் அந்த அறிக்கையையே திரும்பப் பெற்றார்கள். வழக்கமான எச்சரிக்கையோடு இருந்தால் போதுமாம். அந்த இரண்டு நாளில் அரசாங்கம் ஓர் உண்மையைச் சொல்லிவிட்டு அலறிப்போய் வாபஸ் வாங்கியது என்றுதான் நான் புரிந்துகொண்டேன். இதுவும் தவறான புரிதலாக இருக்கலாம்.

சான்றிதழ் கூத்து தனி. சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாம் இப்போது மின் கையொப்பமிட்ட பி.டி.எஃப். திறந்தால் கையொப்பத்தின் மேலே பெரிய மஞ்சள் கேள்விக்குறி. ‘செல்லுபடி தெரியவில்லை’ என்று வரும். நம் நாட்டின் மூலச் சான்று அந்தக் கணினியின் நம்பிக்கைப் பட்டியலில் இல்லை என்பதுதான் அதற்குக் காரணம். இருக்கும்படி ஏதேதோ சொடுக்கி ‘நம்புகிறேன்’ என்று நாமேதான் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் அச்சடித்தால் கேள்விக்குறியும் சேர்ந்து தாளில் விழும்.

“அண்ணே, இதுக்க மேல கேள்விக்குறி கெடக்குல்லா, ஆபீஸுல எடுக்க மாட்டினும்.”

“தாசில்தார் ஒப்பிட்டதுதானே பிள்ளே?”

“ஒப்பிட்டது செரிதான். அவருக்க ஒப்ப கம்ப்யூட்டரு நம்பல்லியே.”

ஜெராக்ஸ் கடையின் பதினெட்டு வயசுப் பையன் சொன்ன இந்த விளக்கத்துக்கு மேல் எந்தக் கையேடும் எனக்குத் தேவைப்படவில்லை. மின் கையொப்பத்தின் பெருமையே, கோப்பில் ஒரு புள்ளியை மாற்றினாலும் காட்டிக்கொடுத்துவிடும் என்பதுதான். அதைத் தாளில் அச்சடித்த நிமிஷமே அந்தப் பெருமை செத்துப்போகிறது. தாளில் இருப்பது வெறும் மை. அலுவலகமோ அச்சடித்த தாளைத்தான் கேட்கிறது. அச்சடித்த தாளுக்குச் சான்றொப்பமும் கேட்கிறது. பச்சை மை.

இவ்வளவு பூட்டு வைத்திருப்பவர்கள் பூட்ட வேண்டியதைப் பூட்டினார்களா? 2024 டிசம்பரில் சென்னையில் பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். புகார் கொடுத்தார். முதல் தகவல் அறிக்கைகளைக் காவல்துறை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், பாலியல் குற்றம் போன்றவற்றை ஏற்றக்கூடாது என்று அதே உத்தரவில் விலக்கும் அளித்திருந்தது. அந்த ஒரே ஒரு கோப்பு பூட்டியிருக்க வேண்டும். அது திறந்து கிடந்தது. பெண்ணின் விவரம் ஊரெல்லாம் பரவியது. பழைய தண்டனைச் சட்டத்திலிருந்து புதிய சட்டத்துக்கு மாறியதில் தொழில்நுட்பச் சிக்கல் என்றார்கள். டிசம்பர் 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் பெண் ஐ.பி.எஸ் அதிகாரிகளைக் கொண்ட சிறப்புக் குழுவை அமைத்து, அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. வாக்காளர் பட்டியலைத் தேட முடியாதபடி படமாக்கும் நாட்டில், ஒரு பெண்ணின் துயரம் மட்டும் தெளிவான எழுத்தில், நகலெடுக்கத் தோதாக வெளியானது. பாதுகாப்பு என்ற சொல்லை இனி எந்த அதிகாரி உச்சரித்தாலும் எனக்கு இந்தக் கோப்புதான் ஞாபகம் வரும்.

இனி மணல்.

மண்டைக்காட்டை ஒட்டியிருப்பது மணவாளக்குறிச்சி. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துவிட்டுத் தேடி வந்து, இந்தக் கரையில் மோனசைட் இருப்பதைக் கண்டுகொண்டார். மோனசைட்டுக்குள் தோரியம் இருக்கிறது. கூடவே இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட். அங்கே இப்போது இருப்பது அணுசக்தித் துறையின் கீழுள்ள ஐ.ஆர்.இ.எல் ஆலை. எங்களுக்கு மணல் கம்பெனி. மோனசைட்டை அள்ளி எடுத்துவிட்டால் கதிர்வீச்சு குறையும் என்பது ஆலைத் தரப்பின் வாதம். தோண்டத் தோண்டக் கரையும் போகும், உயிரும் போகும் என்பது கடற்கரையின் அச்சம். இரண்டு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுவதற்குத்தான் 2006 செப்டம்பர் 14-ன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை மக்கள் கருத்துக்கேட்பு என்று ஒன்றை வைத்தது.

வைத்த லட்சணத்தையும் பாருங்கள். உள்ளூர் மொழியில் கட்டாயம் தர வேண்டியது சுருக்க அறிக்கை மட்டும். நீரையும் மணலையும் கதிர்வீச்சையும் அளந்த கணக்கெல்லாம் இருக்கும் முழு அறிக்கை ஆங்கிலத்தில் வரும். அதைப் பார்க்க ஆட்சியர் அலுவலகம் மாதிரியான இடங்களுக்குப் போகலாம். இன்னொரு வசதியும் விதியில் உண்டு: டெல்லியில் அமைச்சகத்தில் குறிப்பிட்ட இடத்தில், அலுவலக நேரத்தில் வந்து பார்க்கலாம். குளச்சலில் விடியற்காலை வலை இழுத்துவிட்டு மத்தியானம் டெல்லிக்குப் போய்வருவது எங்கள் ஆட்களுக்குச் சிரமமாக இருக்காது என்று நினைத்திருப்பார்கள்.

அப்படியும் சனங்கள் படித்தார்கள். கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு ஊர்களில் 1,144 ஹெக்டேரில் மணல் அள்ளத் திட்டம் வந்தபோது, பி.டி.எஃப் அலைபேசிக்கு அலைபேசி தாவியது. பள்ளிக்கூட வாத்தியார்களும் பங்குத்தந்தைகளும் வக்கீல்களும் உட்கார்ந்து பக்கம் பக்கமாக ஊருக்கு விளக்கினார்கள். 2024 அக்டோபர் 1-ல் கருத்துக்கேட்பு என்று அறிவித்திருந்தார்கள். எதிர்ப்புக் கிளம்பிய வேகத்தில் கூட்டம் தள்ளிப்போனது.

சனங்கள் ஒரு தடவை படித்துவிட்டார்கள் என்றதும் ஆறாவது பிட்டில் கைவைத்தார்கள். 2025 செப்டம்பர் 8-ன் அலுவலகக் குறிப்பாணை அதுதான். அணுக் கனிமங்களையும் முக்கியக் கனிமங்களையும் எடுக்கும் சுரங்கங்களுக்கு இனி மக்கள் கருத்துக்கேட்பு கிடையாது, டெல்லியே பரிசீலித்துக்கொள்ளும். நாடாளுமன்றத்தில் விவாதமில்லை, புதுச் சட்டமில்லை. பாதுகாப்பு அமைச்சகமும் அணுசக்தித் துறையும் கேட்டன, சுற்றுச்சூழல் அமைச்சகம் கொடுத்தது. தமிழக முதலமைச்சர் ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறச் சொல்லிப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். இதற்கான வாசல் 2006 அறிவிக்கைக்குள்ளேயே இருந்தது: நாட்டின் பாதுகாப்பு, ‘மற்ற மூலோபாயக் காரணங்கள்’ என்று மத்திய அரசு கருதும் திட்டங்களுக்குக் கருத்துக்கேட்பு தேவையில்லை. உரிமையாளரின் கடவுச்சொல்லை அன்றைக்கே செருகி வைத்திருந்தார்கள். பயன்படுத்தப் பத்தொன்பது ஆண்டு பொறுத்திருந்தார்கள்.

எங்கள் ஊரில் வாய்மூடும் வழக்கம் இல்லாமல் இல்லை. மாசிக் கொடையின் கடைசி நாள் நள்ளிரவில் ஒடுக்கு பூஜை. பதார்த்தப் பானைகளைச் சுமந்துவரும் பூசாரிகள் வாயைத் துணியால் கட்டியிருப்பார்கள், அத்தனை ஆயிரம் பேர் கூட்டமும் மூச்சுக்காட்டாது. அது அம்மனுக்கு, நாங்களாகக் கொடுப்பது. மோனசைட்டுக்காக வருஷம் முழுக்க வாய்க்கட்டுப் போட்டுக்கொள்ளச் சொல்ல இந்த அமைச்சகம் எந்த ஊர்ச் சாமி? தலைவலி தீர இங்கே மண்டையப்பம் நேர்ந்துகொள்வார்கள். இந்தக் குறிப்பாணையைப் படித்தவர்களுக்கு எத்தனை அப்பம் நேர வேண்டும் என்று கோயிலில்தான் கேட்க வேண்டும்.

கோபத்தில் சும்மா இருக்க முடியவில்லை என்றால், தகவல் அறியும் உரிமையில் கேட்கலாமே என்று நல்லவர்கள் சொல்வார்கள். சரி. அணுசக்திச் சட்டம், 1962. அதன் 18-வது பிரிவு, எந்தத் தகவலை வெளியிடக்கூடாது என்று தடைபோடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்தது. அதையும் தாண்டி மத்திய அரசின் தகவல் உரிமை இணையதளத்துக்குள் நுழைந்தால், கேள்வி எழுத ஒரு பெட்டி இருக்கிறது. மூவாயிரம் எழுத்துக்கு இடம். பெட்டிக்குக் கீழே, எந்தெந்த எழுத்துக்கு அனுமதி என்ற விதி: ஆங்கில எழுத்துகள் ஏ முதல் இசட் வரை, பூஜ்யம் முதல் ஒன்பது வரை, அப்புறம் காற்புள்ளி, அடைப்புக்குறி மாதிரி சில குறிகள். தமிழ் எழுத்துக்கு அனுமதி இல்லை. தமிழில்தான் கேட்பேன் என்றால் தனியாக எழுதி இணைக்க வேண்டும். எதில்? பி.டி.எஃப்-பில்.

அந்த அனுமதிப் பட்டியலைப் பொறுமையாகப் பார்த்தேன். தமிழின் ஓர் எழுத்துக்கும் இடம் தராத அந்தப் பெட்டியில் கேள்விக்குறிக்கு அனுமதி இருக்கிறது. மூவாயிரம் கேள்விக்குறிகளை வரிசையாக அடித்து அனுப்பினால் எந்த விதியையும் மீறியதாகாது. கட்டணம் 10 ரூபாய்.